மாமா கடையில் உத்தியோகம்

மாத்தளை
3.3.1963

அன்பு மச்சான் ஸமதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முடிந்து பஸ் ஏறியவன் சுகமாக வந்து சேர்ந்தேன். மாமியின் மூட்டு வலி எப்படி? கலேவெலைப் பக்கம் ஒரு துளி மழையாவது விழுந்ததா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது மச்சான்! உம்மாவின் கூடப்பிறந்த நானா மக்கீன் மாமாவின் மொத்தக் கடையில்தான். மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் மலையில் இருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. நிறுத்து, தரம் பார்த்து, கொழும்பு லொறியில் ஏற்றி அனுப்புகிறோம். சட்டையைத் துவைத்தாலும் கராம்பு வாசம் போவதில்லை. முதல் நாளே மாமா கடைச் சாவியை என் கையில் வைத்தார். "சம்பளம் எவ்வளவு, லீவு எப்பன்னெல்லாம் கேக்காத மகன். கடையே ஒண்டதுதானே" என்றார். சாப்பாடு மாமா வீட்டில். படுக்கை கடை மேல்மாடியில்.

மூட்டை இறக்குவதற்கு இருளாண்டி அண்ணன் என்று சுமை தூக்கும் நாட்டாமை ஒருவர் இருக்கிறார். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். மிளகை உள்ளங்கையில் எடுத்து உருட்டிப் பார்க்க எனக்குப் பழக்கியவர் அவர்தான். மாமாவை விட அவர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்.

மாமா மகள் றம்லாவைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். கேட்காதே. தேத்தண்ணி கொண்டு வருவது மாமிதான்.

உம்மாவை ஒரு நடை போய்ப் பார். இருமலுக்கு மருந்து குடிக்கிறாவா என்று கேள்.

உன் மச்சான்
ஸக்கரியா


கலேவெல
24.3.1963

அருமை மச்சான் ஸக்கரியா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் உம்மா மருந்து குடிக்கிறா, ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு. எங்கள் உம்மாவின் மூட்டு வெயிலுக்குச் சற்று தேவலை.

நீ உட்கார்ந்துகொண்டு வாசி. நான் இ.போ.சபை பஸ்ஸில் கொண்டக்டர்! கலேவெல, தம்புள்ள, குருநாகல் எல்லாம் இனி என் காலடியில். காக்கிச் சட்டை, தோளில் பை, வாயில் விசில். முதல் நாள் ஊதிய ஊதில் ஒரு ஆடு ரோட்டை விட்டு ஓடியது.

அதைவிடப் பெரிய விஷயம் நியமனக் கடிதம். என் பெயர், என் வேலை, சம்பளம், எத்தனை மணி நேரம், என்ன லீவு, எல்லாம் எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்திருக்கிறார்கள். உம்மா கண்ணாடி போட்டு மாட்டச் சொல்கிறா. சேமலாப நிதியும் உண்டு. சம்பளத்தில் நான் ஒரு பங்கு போட, அவர்கள் அதைவிடக் கூட்டிப் போட, ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கையில் வருமாம். இருபது வயதில் ஓய்வைப் பற்றிப் பேசுகிறேன், சிரிக்காதே!

யூனியன் கூட்டத்துக்குப் போனேன். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் தனிச் சட்டம் இருக்கிறதாம். வாரத்தில் ஒன்றரை நாள் லீவு, வேலை விபரம் எழுத்தில். உனக்கு எந்த நாள் லீவு? அந்த நாளில் நான் மாத்தளைக்கு வருகிறேன், முத்துமாரி கோயில் பக்கம் அந்தக் கடையில் வடை தின்போம்.

பையன் இல்லை, இனி உத்தியோகத்தன்,
அப்துல் ஸமத்


மாத்தளை
17.4.1963

கொண்டக்டர் துரை அவர்களுக்கு ஸலாம்!

இங்கே யாவரும் நலம். உன் காக்கிச் சட்டையை நினைத்து நானும் மாடியில் தனியாக விசில் அடித்துப் பார்த்தேன்.

எனக்கு எந்த நாள் லீவு என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஞாயிறு கடை பூட்டு. ஆனால் அன்றுதான் கிடங்கு கூட்டி மிளகு காயப்போடுவோம். உன் கடிதத்தைப் படித்த உற்சாகத்தில் மாமாவிடம் பகிடியாகக் கேட்டேன்: "மாமா, எனக்கொரு நியமனக் கடிதம் தாங்களேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நம்ம ஆளுகளுக்குள்ள எழுத்தென்ன எழுத்து? வாய்ச்சொல்லு போதாதா? கடிதம் குடுத்தா நீ வேலக்காரன் ஆகிருவாய். நீ எண்ட மருமகன்."

மருமகன் என்ற சொல்லைக் கேட்டதும் என் காது சூடானது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு இருளாண்டி அண்ணன் சாக்கு மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீங்களாவது கேட்டீங்க. நா இத்தன வருசத்துல ஒருக்காகூட கேக்கல."

"பயமா அண்ணே?"

"பயமில்ல தம்பி. என்னா கேக்கணும்னு தெரியாது."

அது என்னவோ மனதில் கிடந்து உருள்கிறது. என்னென்ன கேட்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்ததை எழுது. அண்ணனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எனக்கு வேண்டியதில்லை, நான்தான் மருமகன் ஆயிற்றே!

ஸக்கரியா


கலேவெல
12.5.1963

மருமகன் அவர்களுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வராததில் உன் உம்மாவுக்கு வருத்தம். கடை பூட்டித்தானே இருந்திருக்கும்?

எனக்குக் காய்ச்சல் வந்தது மச்சான். நல்ல காய்ச்சல்! டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டை டிப்போவில் நீட்டினேன். "சுகமாகி வா" என்றார்கள். படுத்துக் கிடந்த நாட்களுக்கும் சம்பளம் வந்தது. வாப்பா காலத்தில் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும், உனக்கு நினைவிருக்கும். நான் போர்வைக்குள் கிடந்து சிரிக்க, உம்மா காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று பயந்துவிட்டா.

இனி இருளாண்டி அண்ணனுக்கு. யூனியனில் விசாரித்தேன். வேலை என்ன, சம்பளம் என்ன என்று எழுதிக் கேட்கலாம். லீவு கேட்கலாம். சேமலாப நிதிக்குப் பெயர் போயிருக்கிறதா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் விட இதை அழுத்திச் சொல்: வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். இந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் கட்டிலில் கிடக்கும்போது வீட்டில் யார் உலை வைப்பது? அதற்குத்தான் அது. நாள் கூலி என்று சொல்லித் தட்டிவிடப் பார்ப்பார்களாம், விடக் கூடாது. தொழில் கந்தோர் என்று அரசாங்க அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்ச் சொன்னால் விசாரிப்பார்கள்.

உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மருமகனுக்கும் காய்ச்சல் வரும்.

ஸமது


மாத்தளை
16.6.1963

மச்சான்! மச்சான்! மச்சான்!

ஸலாம், சுகம், எல்லாம் பிறகு. மாமா வாயைத் திறந்துவிட்டார்! முந்தாநாள் மஃரிபு தொழுதுவிட்டு வந்து என்னைப் பக்கத்தில் இருத்தி, "றம்லாவ ஒனக்குத்தான் மகன் நினச்சு வச்சீக்கிறன்" என்றார். எழும்பிப் போய்க் கிடங்குக் கதவைத் திறந்தேன், பூட்டினேன், மறுபடி திறந்தேன்.

உம்மாவிடம் நீயே போய்ச் சொல். மெதுவாகச் சொல், இருமல் கிளம்பிவிடும். மாமா இந்த வருஷத்துக்குள்ளேயே முடித்துவிடலாம் என்கிறார். உனக்குச் சட்டை தைக்க அளவு அனுப்பு. காக்கி வேண்டாம்.

இங்கே மழை. லொறிகள் பிந்தி வருகின்றன. வேறு விசேஷம் இல்லை.

ஸக்கரியா


கலேவெல
25.6.1963

அன்பு மாப்பிள்ளைக்கு,

அல்ஹம்துலில்லாஹ்! உன் உம்மா இருமவில்லை, அழுதா. பிறகு ஊருக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றினா. அளவை இத்தோடு வைத்திருக்கிறேன். வயிறு கொஞ்சம் கூடியிருக்கிறது, சம்பளம் வாங்குகிறவன் வயிறு.

ஒரு சந்தேகம். நேற்று என் பஸ்ஸில் மாத்தளைக் கொக்கோ வியாபாரி ஒருவர் ஏறினார். மக்கீன் முதலாளி கடையில் லொறிப் பலகை வழுக்கி ஒரு நாட்டாமையின் மேல் மூட்டை சரிந்து கால் முறிந்துவிட்டது, இந்த மாதம் ஆரம்பத்தில், என்றார். அது இருளாண்டி அண்ணனா? நீ எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

அவர் எப்படி இருக்கிறார்? உடனே எழுது.

ஸமது


கலேவெல
14.7.1963

ஸக்கரியா,

ஸலாம். உன்னிடம் இருந்து கடிதம் இல்லை. இங்கே எல்லோரும் சுகம், உனக்கு என்னவோ என்று உன் உம்மாதான் தூக்கமில்லாமல் இருக்கிறா. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

ஸமது


மாத்தளை
21.7.1963

மரியாதைக்குரிய ஸமது நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மக்கீன் முதலாளியின் மகள் றம்லா. உங்களுக்கு எழுதுவது உம்மாவுக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. நாங்கள் சமைக்கும் குசினி ஜன்னலில் இருந்து கடையின் பின் முற்றம் தெரியும். ஸக்கரியா மச்சான் அங்கே இருந்து படிக்கிறார், மடிக்கிறார், மறுபடி படிக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தால் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

கால் முறிந்தது இருளாண்டி அண்ணனுக்குத்தான். தொடை எலும்பு. வாப்பாதான் தன்னுடைய காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தினமும் சோறும் அனுப்புகிறார். வாப்பா கல் நெஞ்சுக்காரர் இல்லை நானா. ஆனால் நீங்கள் எழுதியதை ஸக்கரியா மச்சான் முன்பு வாசித்துக் காட்டியிருக்கிறார். அதை அண்ணன் மறக்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே மனைவி பாப்பம்மாவைத் தொழில் கந்தோருக்கு அனுப்பிவிட்டார். அதுதான் வாப்பாவுக்குத் தாங்கவில்லை. "நான் கையால குடுக்கிறன். கேட்டு வாங்க ஏலாது" என்று வீடு அதிரச் சத்தம் போட்டார்.

அன்று மஃரிபுக்குப் பிறகு மச்சானை இருத்தி வைத்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, றம்லா உனக்கு. மற்றது, கந்தோரில் இருந்து ஆள் வந்தால் இந்தக் கடையில் குடும்பத்தவர் மட்டும்தான், வேலையாள் ஒருவரும் இல்லை, இருளாண்டி அன்றைக்கு ரோட்டில் இருந்து கூப்பிட்ட ஆள் என்று சொல்ல வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உங்களுக்கு வந்த கடிதத்தில் முதல் விஷயம் மட்டும் இருந்திருக்கும்.

இந்தக் கல்யாணத்தில் எனக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்படாமல் பதில் சொல்வேன். ஆனால் ஒரு மனிதரின் காலுக்குப் பதிலாக என்னை எடுத்துக் கொடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

விசாரணை ஆகஸ்ட் மாதத்தில். உங்களுக்கு லீவு உண்டு என்று கேள்விப்பட்டேன். வாருங்கள்.

தங்கை
றம்லா


மாத்தளை
18.8.1963

அன்பு ஸமது,

ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். உண்மையாகவே சுகம்தான்.

நீ வந்த அன்று என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கால் மேலே கட்டியபடி கிடந்த மனுஷன் என்னைக் கண்டதும் சொன்னதை நீயும் கேட்டாய்: "தம்பி, கலியாணப் பேச்சாமே! ரொம்ப சந்தோசம். எந்திரிச்சா நானே பந்தல் போடுறேன்." விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று முன்தினம் தொழில் கந்தோர் ஆபிசர் கடைக்கு வந்தார். மாமா நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, நல்ல சிங்களத்தில் பேசினார். எல்லாம் குடும்பத்தவர், அது ரோட்டில் நின்ற ஆள் என்றார். ஆபிசர் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை மச்சான், நம்பிக்கை இருந்தது. அதுதான் கஷ்டம்.

"நான் இவருடைய மருமகன்" என்றேன். மாமா தலையாட்டினார். "அது வீட்டில. இங்க நான் வேலை செய்றவன். இருளாண்டி அண்ணன் எனக்கு முந்தியே இங்க வேலை செய்றவர். காலையில கடையத் திறக்கிறது நாங்க ரெண்டு பேரும்தான். அன்றைக்குப் பலகை நனைஞ்சிருந்தது. நானும் பக்கத்தில நின்றேன்."

சொல்லி முடித்ததும், லொறியோடு வந்து கிடங்கில் மூட்டை அடுக்கியவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பதைக் கண்டேன்.

ஆபிசர் போன பிறகு மாமா கையை நீட்டினார். "சாவியத் தா. வேலக்காரன்தானே, போ." கல்யாணப் பேச்சைப் பற்றி அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

எனக்கு இருப்பது பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. நான் பேசும்போது குசினி ஜன்னல் திறந்திருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

நாளை மறுநாள் ஊருக்கு வருகிறேன். தம்புள்ளையில் உன் பஸ் கிடைத்தால் டிக்கெட் வாங்கித்தான் ஏறுவேன், சும்மா ஏற்றிவிடாதே.

ஸக்கரியா


மாத்தளை
29.9.1963

ஸக்கரியா மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை உம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறா. ஆகையால் நலம் விசாரிப்பு இவ்வளவுதான். மாமியின் இருமலுக்கு மட்டும் கொத்தமல்லியும் சுக்கும் இத்தோடு வருகிறது.

நீங்கள் போன பிறகு வாப்பாவுக்கு எல்லாம் தானேதான். தானே நிறுக்கிறார், தானே எழுதுகிறார், தானே கடையைப் பூட்டுகிறார். ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் இருந்து, "நம்ம ஆளுகளுக்குள்ள வாய்ச்சொல்லு போதாதா? அவனுக்கு எழுத்து ஏத்துக்கு?" என்று தனக்குத்தானே கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அப்ப நிக்காஹ்வ ஏத்துக்கு வாப்பா பதியிறீங்க? பொண்ணுக்குக் குடுக்கிற மஹர ஏன் எழுதி வைக்கிறீங்க? உம்மாவும் நம்ம ஆளுதானே?" என்று கேட்டுவிட்டேன். உம்மாவின் கையில் இருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

வாப்பா எழும்பிக் கை கழுவினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தானே சோறு கொண்டு போனார். அங்கே நடந்ததை வந்து உம்மாவிடம் சொன்னார். இருளாண்டி அண்ணன் சொன்னாராம்: "மொதலாளி, நீங்க அனுப்புற சோத்தத் திங்கிறேன். வாய்க்கு வாய் கூச்சமா இருக்கு. அது என் ஒழப்புக்கு வர்றதா இருந்தா கூச்சமில்லாமத் திம்பேன்."

"அவன் எண்ட முகத்தப் பாத்து அழுறானே" என்று உம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த கிழமை தொழில் கந்தோருக்குப் போனார். நட்டஈட்டுக்குச் சம்மதித்துக் கையொப்பம் வைத்துவிட்டார். வந்து இரண்டு குவளை தண்ணீர் குடித்தார். என்னைக் கூப்பிட்டு, "ஒனக்கு அவனக் கட்ட விருப்பமா?" என்று கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார் மச்சான்!

நான் சொன்ன பதிலை எழுதலாமா என்று உம்மாவைக் கேட்டேன். கூடாது என்கிறா.

ஆனால் இதை எழுத விட்டா: லீவு இல்லாத மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்றும் சொன்னேன்.

றம்லா


மாத்தளை
20.10.1963

மருமகன் ஸக்கரியாவுக்கு மக்கீன் எழுதிக்கொள்வது.

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். என் தங்கச்சிக்கு, உன் உம்மாவுக்கு, இருமல் குறைந்ததா? குறையாவிட்டால் இங்கே கூட்டிக்கொண்டு வா, நல்ல டாக்டரிடம் காட்டுவோம்.

இது நியமனக் கடிதம். கந்தோரில் ஒரு மாதிரி தந்தார்கள், அது எனக்குச் சரிப்படவில்லை. என் பாட்டுக்கு எழுதுகிறேன்.

உன்னை என் கடையில் கணக்கு எழுதும் லிகிதராக நியமிக்கிறேன். சம்பளத் தொகை தனித் தாளில் இருக்கிறது, உம்மாவிடம் காட்டு. காலை எட்டு மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். சனி பின்னேரமும் ஞாயிறு முழு நாளும் லீவு. ஜும்ஆவுக்குப் போகும் நேரம் இதில் சேராது. சேமலாப நிதிக்கு உன் பெயரையும் இருளாண்டியின் பெயரையும் அனுப்பிவிட்டேன். நோய் வந்தால் சொல்லி அனுப்பு. மறைத்துக்கொண்டு வேலைக்கு வராதே.

இருளாண்டி கம்பு ஊன்றி நடக்கிறான். இனி மூட்டை தூக்க ஏலாது, தராசடியில் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் இப்படி ஒரு கடிதம் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னான், வாசித்தேன். "இன்னொருக்கா வாசிங்க மொதலாளி" என்றான். மறுபடி வாசித்தேன்.

ஆபிசருக்கு முன்னால் நீ பேசியதற்கு எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியாத ஒருவனிடம் கடையை விட்டால் கொழும்புக்குப் போய் இரண்டு நாள் நிம்மதியாகத் தங்கலாம் என்றும் ஒரு எண்ணம் வருகிறது.

ரஜப் மாதத்தில் நிக்காஹ் வைக்கலாம். அந்தக் கொண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வா.

கல்யாணத்துக்கு லீவு கொடுக்க வேண்டுமா என்று கந்தோரில் கேட்டேன். அப்படி ஒன்று சட்டத்தில் இல்லையாம். கேட்டதற்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பரவாயில்லை. நான் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், தருகிறேன், சம்பளத்தோடு. இதையும் எழுத்திலேயே வைத்துக்கொள்.

மாமா என்ற முறையில் துஆவும், முதலாளி என்ற முறையில் கையொப்பமும்,
மக்கீன்